சுவர் ஸ்வாப்பில் ‘நோ குரோத்’, லேப் போர்ட்டில் முடிச்சு: கிருமியை எங்கே தேடுவது?

#1 தையல்முனை

வணக்கம். லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ‘லேப்’ அறுவை) நடக்கும் சிறிய, நடுத்தர மருத்துவமனைகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிரச்சினையைப் பேசலாம் என்று இந்த இழை.

பித்தப்பை அறுவை முடிந்து காயம் ஆறிவிடுகிறது. தையல் பிரித்தாயிற்று, நோயாளி வேலைக்கும் போய்விட்டார். நாலு வாரம் கழித்து தொப்புள் போர்ட்டிலோ (கருவி நுழைத்த துளை) மேல்வயிற்று எபிகாஸ்ட்ரிக் போர்ட்டிலோ பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. மேல்தோல் கறுத்து மெலிந்து, துளை விழுந்து, வெளிறிய நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்குவதில்லை. திறந்து சுரண்டினால் ஆறுவதுபோல் ஆறி, பக்கத்திலேயே இன்னொன்று எழும்புகிறது. சீழ் கல்ச்சர் (தட்டில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது) கேட்டால் ‘நோ குரோத்’, எதுவும் வளரவில்லை.

இரண்டாவது நோயாளியும் இப்படி வந்ததும் ஓ.டி.யை (அறுவை அரங்கை) மூடி ஃபார்மலின் புகை போடுகிறார்கள். சுவர், மேசை, விளக்கு என்று பஞ்சுக்குச்சியால் துடைத்து ஸ்வாப் எடுக்கிறார்கள். அதிலும் ‘நோ குரோத்’. ஓ.டி. திறக்கிறது, அடுத்த மாதம் மூன்றாவது நோயாளி வருகிறார். ஸ்வாப்பில் எதுவுமே வராதபோது எங்கே தேடுவது?

#2 அகார்த்தட்டு

நீங்கள் சொல்லும் படம் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா. அதிலும் வேகமாக வளரும் வகை: ஃபார்ச்சூயிட்டம், கெலோனே, அப்செஸஸ். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இயல்பாக வாழ்பவை. அறுவைக்குப் பிந்தைய சாதாரணத் தொற்று முதல் 10 நாளுக்குள் சிவந்து வலித்து வெளியே தெரியும். இது மெதுவாக, சூடே இல்லாமல் வரும். நாள் கணக்கே பாதி நோயறிதல்.

‘நோ குரோத்’ ஏன் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீழ் சாம்பிளை 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்துவிட்டுத் தட்டைக் குப்பையில் போடுவதுதான் பெரும்பாலான பரிசோதனைக்கூடங்களின் வழக்கம். இந்தக் கிருமிக்கு 3 முதல் 7 நாள் வேண்டும். இரண்டாம் நாளில் தட்டு வெறுமையாக இருக்கும், அல்லது கண்ணுக்குப் பிடிபடாத பொடிப்புள்ளிகள் இருக்கும். ரிப்போர்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே ரிக்விசிஷனில் (பரிசோதனைக் கோரிக்கைச் சீட்டில்) ‘லேப் போர்ட், 4 வாரம் கழித்து, மைக்கோபாக்டீரியா சந்தேகம், தட்டை 10 நாள் வைக்கவும்’ என்று எழுதுங்கள். ஒரு தட்டு 37இல், இன்னொன்று 30 டிகிரியில். ஸ்வாப் அனுப்பாதீர்கள், பஞ்சிலேயே கிருமி தங்கிவிடும். முடிச்சின் சுவரிலிருந்து ஒரு துண்டுத் திசுவை ஸ்டெரைல் சலைனில் அனுப்புங்கள், ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். மைக்கோபாக்டீரியாவைக் காட்டும் ஜீல்-நீல்சன் சாயத்தில் 20% அமிலம் கழுவினால் இவற்றில் சில நிறத்தை இழந்துவிடும். 5% அமிலத்தில் இன்னொரு ஸ்லைடு போட்டுப் பாருங்கள்.

இன்னொரு பெரிய தவறு: திசுப் பரிசோதனையில் கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வந்ததும் ‘டிபி’ என்று முடிவுகட்டி நான்கு மருந்தையும் தொடங்கிவிடுகிறார்கள். ஃபார்ச்சூயிட்டமும் கெலோனேவும் வழக்கமான டிபி மருந்துகளுக்கு இயல்பிலேயே அசையாதவை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் புண் அப்படியே இருக்கும். மருந்துக்கு அடங்காத டிபி என்று அடுத்த கட்டத்துக்கும் போய்விடுவார்கள். இது வேண்டாத துன்பம். வயிற்றுத்தோலில் போர்ட் தழும்பு மேல் கிரானுலோமா என்றால் முதலில் இந்தக் கிருமியைத்தான் நினைக்க வேண்டும்.

இவை தண்ணீரில் வாழும் கிருமிகள் என்பதால் சுவரில் தேடிப் பயனில்லை. கருவி கடைசியாக எந்தத் தண்ணீரைத் தொட்டது என்று கேளுங்கள்.

#3 நீராவி134

அகார்த்தட்டு மேடம் கேட்ட கேள்விக்கு என் பதில்: கருவிகளை ஊறப்போடும் குளூட்டரால்டிஹைடு (கிருமிநாசினி) டப்பும், பக்கத்தில் இருக்கும் அலசும் பேசினும்.

நடப்பதைச் சொல்கிறேன். ஒரே ஒரு லேப் செட். நாளைக்கு நாலைந்து கேஸ். முதல் கேஸ் முடிந்ததும் கருவிகளைக் குழாயில் ஓட்டி, 2% குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் போட்டு, பேசினில் அலசி, அடுத்த கேஸ். எல்லா பிராண்டையும் ‘சைடெக்ஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டதால் அது ஏதோ ஸ்டெரிலைசர் என்ற நம்பிக்கை ஊறிவிட்டது. 20 நிமிடத்தில் நடப்பது உயர்நிலை கிருமிநீக்கம் மட்டும். ஸ்போரையும் (கிருமியின் கடின உறை வடிவம்) கொன்று ஸ்டெரைல் ஆக்க 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். கெலோனேயில் குளூட்டரால்டிஹைடை எதிர்த்து நிற்கும் ரகங்கள் எண்டோஸ்கோப் கழுவும் இயந்திரங்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

அதைவிட மோசம், கருவியைப் பிரிக்காமல் போடுவது. மேரிலாண்ட் கிராஸ்பரை (திசுவைப் பிடிக்கும் கருவி) எடுத்து, கறுப்பு இன்சுலேஷன் உறை தாடைக்கு அருகில் முடியும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உறையின் ஓரம் மயிரிழை அளவு தூக்கி நிற்கும். அதனடியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு வளையம். அது பழைய நோயாளியின் ரத்தமும் கொழுப்பும் வெந்து இறுகியது. டிரோக்கரின் (போர்ட்டில் செருகும் குழல்) ரப்பர் வாஷரைக் கழற்றினால் அதன் பள்ளத்திலும் இதே பழுப்புக் கோடு இருக்கும். ஆல்டிஹைடு புரதத்தை இறுக்கி ஒட்டவைக்கும் குணமுள்ளது. கழுவாமல் ஊறப்போட்டால் அழுக்கை நாமே பூசி மெழுகின மாதிரி. அதன் அடியில் இருக்கும் கிருமியை மருந்து தொடாது.

டப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆக்டிவேட் செய்த தேதியிலிருந்து 14 நாள் (சில தயாரிப்பில் 28) என்பது லேபிளில் உள்ள உச்சவரம்பு. ஈரக் கருவியைப் போடும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சேர்ந்து மருந்து நீர்த்துப்போகிறது. நாலு கேஸ் ஓடும் டப்பில் ஒரு வாரத்திலேயே செறிவு இறங்கிவிடும். தினமும் காலையில் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு, குறைந்தபட்சச் செறிவுக்குக் கீழே காட்டினால் தேதி பாராமல் கொட்டுங்கள்.

அலசும் தண்ணீர்தான் கடைசிக் குழி. ‘கொதிக்கவைத்த தண்ணீர்’ என்பார்கள். காலையில் கொதிக்கவைத்து திறந்த பாத்திரத்தில் ஊற்றி மாலை வரை கை விட்டு அலசினால் அது குழாய்த் தண்ணீரைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல. ஆர்.ஓ. தண்ணீரும் ஸ்டெரைல் இல்லை, அதன் டேங்க்கிலும் குழாயிலும் பயோஃபில்ம் (கிருமிப் படலம்) படியும்.

#4 பச்சைக்கவுன்

எல்லாம் சரி. ஆனால் ஓ.டி. இன்சார்ஜாக இருப்பவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். ஆடிட் வரும்போது முதலில் கேட்பது ஸ்வாப் ரெஜிஸ்டர். டாக்டர்கள் கேட்பதும் ‘சிஸ்டர், ஃபியூமிகேஷன் போட்டாச்சா?’ என்பதுதான். ஸ்வாப்பில் பேசில்லஸ் என்று ஒன்று வந்தால் லிஸ்ட்டையே நிறுத்திவிடுவார்கள். ஸ்வாப்பே வேண்டாம் என்றால் ஓ.டி. சுத்தமாக இருக்கிறதென்று எதை வைத்துச் சொல்வது?

#5 அகார்த்தட்டு

நியாயமான கேள்வி, சிஸ்டர். அமெரிக்காவில் 1970 வரை மருத்துவமனைகள் தரை, சுவர், காற்று என்று வழக்கமாக கல்ச்சர் எடுத்தன. அந்த எண்ணிக்கைக்கும் நோயாளிக்கு வரும் தொற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று அந்த ஆண்டிலேயே அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதை நிறுத்தச் சொன்னது. 2003 வழிகாட்டியிலும் அதுவே: காரணமில்லாமல், குறியில்லாமல் சாம்பிள் எடுக்காதே. தொற்றுக் கொத்து வந்தபோது, அல்லது ஒரு மாற்றத்தின் பலனை அளக்க, குறிவைத்து எடு.

பேசில்லஸ் என்பது தூசியோடு வரும் ஸ்போர். மாதத்துக்கு 10 ஸ்வாப் எடுத்தால் ஒன்றிரண்டில் வருவது இயல்பு. அதற்கு ஓ.டி.யை மூட வேண்டியதில்லை. தூசி துடைக்கும் முறையைப் பாருங்கள். ஸ்டாஃப் ஆரியஸ், அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், ஆஸ்பர்ஜில்லஸ் வந்தால் மட்டும் கூப்பிட்டுப் பேச வேண்டும். முதலிரண்டும் காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சூடோமோனாஸ் என்றால் எங்கோ ஈரம். ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் ஏசி, ஃபால்ஸ் சீலிங், அல்லது பக்கத்தில் நடக்கும் கட்டட வேலை.

ரெஜிஸ்டர் காட்டியே ஆக வேண்டும் என்றால் செட்டில் பிளேட் (காற்றிலிருந்து விழும் கிருமியைப் பிடிக்கும் தட்டு) வையுங்கள்: 9 செ.மீ. பிளட் அகார் தட்டு, தரையிலிருந்து 1 மீட்டர், சுவரிலிருந்து 1 மீட்டர், 1 மணி நேரம் திறந்து. காலி அறையிலும் அறுவை நடக்கும்போதும் தனித்தனியாக. காலி அறையில் மட்டும் வைத்தால் யாரும் இல்லாத வீட்டின் சத்தத்தை அளக்கிற மாதிரி. ஆக்டிவ் சாம்ப்ளர் (காற்றை இழுத்து அளக்கும் கருவி) கிடைத்தால் இன்னும் நல்லது: பிரிட்டிஷ் நடைமுறையில் சாதாரண ஓ.டி.யில் அறுவையின்போது ஒரு கனமீட்டர் காற்றில் 180 காலனிக்குள், மூட்டு மாற்று அறுவைக்கான அதிசுத்தக் காற்றில் காயத்தருகே 10க்குள்.

இந்த முடிச்சுக் கேஸில் ஸ்வாப் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான இடத்தில் எடுக்கலாம்: அலசும் பேசின் தண்ணீர் 100 மி.லி., டப் மருந்து, குழாயின் ஏரேட்டரைக் கழற்றி உள்பக்க வழவழப்பு, பிரித்த கிராஸ்பரின் உறையடி. தண்ணீரை மெம்ப்ரேன் ஃபில்டரில் வடித்துத் தட்டில் வைத்து 7 நாள் பாருங்கள்.

#6 குளிர்காற்று

காற்றுப் பக்கம் நான் சொல்கிறேன். இந்த முடிச்சுக்குக் காற்று காரணமில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் இழையின் பொருள் ஓ.டி. மாசு என்பதால்.

காற்றில் மிதக்கும் கிருமிக்கு மூலம் அறைக்குள் இருக்கும் மனிதர்கள். நடமாடும் ஒருவரிடமிருந்து நிமிடத்துக்குச் சுமார் 10,000 தோல் செதில்கள் உதிரும். அதில் பத்தில் ஒன்று கிருமியைச் சுமக்கும். ஆக, ஆள் எண்ணிக்கையும் கதவு திறக்கும் எண்ணிக்கையும்தான் முதல் அளவு.

20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் என்றால் 4,000 கன அடி. மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும் என்றால் 80,000 கன அடி, அதாவது நிமிடத்துக்கு 1,333. இதில் 4 மாற்றம் வெளிக்காற்று, அதாவது நிமிடத்துக்கு 267. 20 மாற்றம் இருந்தால் மிதக்கும் துகளில் 99% சுமார் 14 நிமிடத்தில் போய்விடும். 6 மாற்றம்தான் என்றால் அதற்கே 46 நிமிடம். இரண்டு கேஸுக்கு நடுவே 15 நிமிட இடைவெளி விடுவதற்குப் பொருள் இருக்கிறதா இல்லையா என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஸ்பிலிட் ஏசி மாட்டிய ஓ.டி.யில் வெளிக்காற்றே கிடையாது. அறைக் காற்றையே இழுத்து, ஈரமான காயில் (குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) வழியாக, நோயாளி மேல் ஊதுகிறது. காயிலும் தட்டிலும் பூஞ்சை. கண் அறுவைக்கு இது பெரிய ஆபத்து. மெல்லிய ஃபில்டரை வாராவாரம் கழுவுவதால் இது தீராது.

நல்ல ஏஹெச்யு (காற்றைச் சுத்தம்செய்து குளிர்வித்து அனுப்பும் இயந்திரம்) இருந்தும் கெடுக்கும் ஒரு சின்ன விஷயம்: டிரெயின் பைப்பின் யு-டிராப் (தண்ணீர் நின்று காற்றை அடைக்கும் வளைவு). காயிலுக்குப் பின்னால் ஃபேன் இருக்கும் அமைப்பில் டிரெயின் தட்டுப் பகுதி உறிஞ்சு அழுத்தத்தில் இருக்கும். டிராப்பில் தண்ணீர் வற்றினாலோ டிராப்பே வைக்காமல் பைப்பை நேராகச் சாக்கடைக்கு விட்டிருந்தாலோ சாக்கடைக் காற்று மேலேறி உள்ளே போகும். தட்டில் தண்ணீர் வடியாமல் தேங்கியும் நிற்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தட்டில் ஜெல்லி மாதிரி படலம் தெரியும்.

பாசிட்டிவ் பிரஷர் (வெளியைவிட உள்ளே கூடுதல் காற்றழுத்தம்) குறைந்தது 2.5 பாஸ்கல். மீட்டர் இல்லாவிட்டால் கதவைச் சாத்தி அடி இடுக்கில் ஒரு டிஷ்யூத் துண்டைத் தொங்கவிடுங்கள். அது எப்போதும் வெளிப்பக்கம் ஆட வேண்டும். உள்ளே ஆடினால் காரிடார் காற்று உள்ளே வருகிறது. ஹெபா ஃபில்டருக்கு (நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) ஆண்டுக்கு ஒரு முறை பிஏஓ லீக் டெஸ்ட் (எண்ணெய்ப் புகை விட்டு ஓட்டை பார்ப்பது). ஓட்டை பெரும்பாலும் ஃபில்டரில் இருக்காது, சட்டத்தின் கேஸ்கெட்டில் இருக்கும்.

லாமினார் (ஒரே திசையில் சீராகப் பாயும் சுத்தக் காற்று) போட்டால் தொற்றே வராது என்று விற்பவர்களிடம் கவனம். 1960களில் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்றுக்குச் சுத்தக் காற்றுக் கூண்டு கட்டியதும், 1982இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வும் அதற்குப் பலம் கொடுத்தன. ஆனால் பின்னால் வந்த தரவுகளைத் தொகுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனம் 2016இல், தொற்றைக் குறைக்க லாமினார் தேவை என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. முதலில் 20 மாற்றத்தையும் அழுத்தத்தையும் சரிசெய்யுங்கள்.

#7 தையல்முனை

இதய அறுவை ஓ.டி. வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். மைக்கோபாக்டீரியா கைமேரா நினைவிருக்கும். சூரிச்சில் தொடங்கி 2015 வாக்கில் உலகெங்கும் தெரியவந்தது. இதய அறுவையின்போது ரத்தத்தின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹீட்டர்-கூலர் இயந்திரத்தின் தண்ணீர் டேங்க்கில் கிருமி. இயந்திரத்தின் ஃபேன் அந்த ஈரத் துளிகளை ஓ.டி. காற்றில் ஊதியது, வால்வு பொருத்திய நோயாளிகளுக்கு ஆண்டுகள் கழித்து நோய். ஆக, தண்ணீரில் இருக்கும் கிருமி கருவி வழியாக மட்டுமல்ல, காற்று வழியாகவும் வரும். இயந்திரத்தை ஓ.டி.க்கு வெளியே வையுங்கள். முடியாவிட்டால் அதன் ஃபேன் மேசைக்கு எதிர்த்திசையில், எக்ஸ்ஹாஸ்ட் அருகே இருக்கட்டும்.

#8 பச்சைக்கவுன்

அப்படியானால் ஃபார்மலினை விட்டுவிடலாமா? 1,000 கன அடிக்கு 500 மி.லி. ஃபார்மலின், 1 லிட்டர் தண்ணீர் என்று காலங்காலமாகப் போடுகிறோம்.

#9 அகார்த்தட்டு

விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. ஃபார்மலின் ஆவி வேலை செய்ய 70%க்கு மேல் ஈரப்பதம் வேண்டும். தூசியும் ரத்தமும் படிந்த இடத்தில் ஊடுருவாது. குளிர்ந்த பரப்பில் வெள்ளைப் பொடியாகப் படிந்து, பிறகு நாள்கணக்கில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் கண்ணெரிச்சலோடு உள்ளே நிற்பவர்கள் சிஸ்டர்களும் டெக்னீஷியன்களும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்பில் சேர்த்தது.

அந்த நேரத்தையும் ஆளையும் கையால் துடைப்பதில் போடுங்கள். மேலிருந்து கீழாக: விளக்குத் தலை, பென்டன்ட், மானிட்டர், டயாதெர்மி பெடல், மேசை மெத்தையைத் தூக்கி அதன் அடி, சக்கரம், கடைசியில் தரை. முதலில் டிடர்ஜென்ட், பிறகு கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஹைப்போ (பிளீச் கரைசல்) ஊற்றிப் பயனில்லை. ரத்தம் சிந்திய இடத்துக்கு 1% ஹைப்போ, 10 நிமிடம். 5% கேனில் இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், 10% என்றால் ஒன்பது பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். மாப் ஓ.டி.க்கு ஒன்று தனியாக, தினம் துவைத்து வெயிலில் முழுக்கக் காய்ந்தது. ஈர மாப்பை வாளியிலேயே சாய்த்து வைத்தால் மறுநாள் தரையில் பூசுவது சூடோமோனாஸ்.

#10 நீராவி134

டப்பை விட்டு ஆட்டோகிளேவுக்கு (அழுத்த நீராவியில் ஸ்டெரைல் செய்யும் இயந்திரம்) வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரஷர் முள்ளை நம்பாதீர்கள். 15 பவுண்டு காட்டினாலும், உள்ளே காற்று முழுக்க வெளியேறியிருந்தால்தான் 121 டிகிரி. பாதிக் காற்று தங்கினால் அதே 15 பவுண்டில் 112 டிகிரிதான். காற்று நீராவியைவிடக் கனம், அடியில் தங்கும்.

1972இல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில், டெவன்போர்ட் மருத்துவமனையில் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் ஏற்றிய நோயாளிகள் இறந்தது இதனால்தான். பாட்டிலைத் தயாரித்த ஆலையின் ஆட்டோகிளேவில் அடி டிரெயின் அடைத்து, காற்று வெளியேறாமல், அடித்தட்டுப் பாட்டில்கள் வேகவே இல்லை. ஒரு தெர்மாமீட்டர் வெப்பம் ஏறவில்லை என்று காட்டியது. அது பழுது என்று நினைத்து மற்ற முள்களை நம்பினார்கள். டிரெயின் சல்லடையை தினமும் கழற்றிக் கழுவுங்கள். இரண்டு நிமிட வேலை.

வாக்குவம் வகையில் தினமும் முதல் சைக்கிள் பௌவி-டிக் டெஸ்ட் (நிறம் மாறும் தாள் வைத்துப் பார்ப்பது): காலி சேம்பர், 134 டிகிரி, 3.5 நிமிடம். தாளின் நடுவில் நிறம் மாறாத வெளிறிய வட்டம் வந்தால் காற்று தங்குகிறது. அன்று அந்த இயந்திரம் ஓடக் கூடாது. வாரம் ஒரு முறையும், இம்பிளான்ட் உள்ள ஒவ்வொரு லோடிலும் ஸ்போர் டெஸ்ட். வெளியே ஒட்டும் டேப் கறுத்தால் பொட்டலம் சூட்டைப் பார்த்தது என்று மட்டும் அர்த்தம். உள்ளே கருவி ஸ்டெரைல் என்று அர்த்தமில்லை. லேப் கருவியின் குழல்களுக்கு வாக்குவம் வகைதான் சரி.

#11 தையல்முனை

நன்றி. நோயாளிகள் பக்கம் செய்ய வேண்டியது: டப்பை அன்றே நிறுத்துவது. கடந்த 3 மாதத்து லேப் லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொருவரையும் போனில் அழைப்பது. வழக்கமான கண்காணிப்பு 30 நாளோடு முடிவதால் இந்த முடிச்சுகள் கணக்கிலேயே ஏறுவதில்லை. வந்தவர்களுக்கு முடிச்சை முழுதாக வெட்டியெடுத்து, கிளாரித்ரோமைசினோடு இன்னொரு மருந்தும் சென்சிடிவிட்டி பார்த்து மாதக்கணக்கில்.

ஒரே கேள்வி மிச்சம். நிர்வாகம் சொல்லும் பதில்: ‘ஒரே செட், ஐந்து கேஸ். ஆட்டோகிளேவுக்கு நேரமில்லை.’

#12 அகார்த்தட்டு

மருந்து விஷயத்தில் ஒன்று: அப்செஸஸ் என்று வந்தால் கிளாரித்ரோமைசின் சென்சிடிவிட்டியை 14ஆம் நாளிலும் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் ‘சென்சிடிவ்’ காட்டிவிட்டு, மருந்தோடு பழகி ரெசிஸ்டன்ட் ஆகும் மரபணு அதில் உண்டு.

#13 நீராவி134

தையல்முனை சார், ‘நேரமில்லை’ என்ற அந்தக் கணக்கைப் போட்டே காட்டலாம். என்சைமில் ஊற 10 நிமிடம், பிரித்து பிரஷ், அல்ட்ராசோனிக் 15, அலசிக் காற்றடித்துக் காயவைக்க 20, லென்ஸில் பார்த்துப் பேக் செய்ய 15, உலர்த்தலோடு சேர்த்து சைக்கிள் 55, ஆற 30. மொத்தம் 2 மணி 25 நிமிடம். கேஸ் ஒன்றேகால் மணி நேரம், இடைவெளி 15 நிமிடம், காலை 9க்குத் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று செட் இருந்தால் எந்தக் கேஸும் காத்திருக்காது: ஐந்தாவது கேஸ் பிற்பகல் 3:00க்குத் தொடங்கும். இரண்டு செட் என்றால் மூன்றாவது கேஸ் 12:00க்குப் பதில் 12:40, ஐந்தாவது 4:20. அதாவது ஒரே ஒரு செட் கூடுதலாக வாங்கி, கடைசிக் கேஸை 1 மணி 20 நிமிடம் தள்ளிப்போட்டால் டப்பே தேவையில்லை. ஒரே செட்டை வைத்துக்கொண்டால் 9:00, 12:40, 4:20 என்று மூன்று கேஸ்தான் நேர்மையாகச் செய்ய முடியும்.

டெலஸ்கோப்பின் மேல் ‘ஆட்டோகிளேவபிள்’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்மா ஸ்டெரிலைசர், அல்லது முந்தின இரவே இ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு); இ.டி.ஓ. என்றால் 50 டிகிரியில் 12 மணி நேரம் காற்றோட்டம் கொடுத்த பிறகுதான் நோயாளிக்கு. இரண்டும் இல்லாத இடத்தில், வேறு வாங்கும் வரை டெலஸ்கோப்பை மட்டும் ஊறவைக்கலாம், அதில் குழலும் மூட்டும் இல்லை. அப்போதும் அலச ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர், மூன்று தடவை, மூன்று தனிப் பாத்திரத்தில், ஒவ்வொரு கேஸுக்கும் புதிதாக.

#14 பச்சைக்கவுன்

கணக்கைப் பிரின்ட் எடுத்துவிட்டேன். பர்ச்சேஸ் இன்டென்டில் ‘லேப் ஹேண்ட் இன்ஸ்ட்ருமென்ட் செட் 1’ என்று மட்டும் எழுதினால் பிரிக்க முடியாத பழைய மாடல் வந்துவிடும். ‘மூன்று பாகமாகப் பிரியும், உள்ளே நீர் பாய்ச்சும் போர்ட் உள்ள, 134 டிகிரி தாங்கும்’ என்று சேர்த்து எழுதுங்கள். டிரோக்கரின் ரப்பர் வாஷர்களையும் ஸ்பேராக 20 கேளுங்கள்.